ஒரே வேர்ச்சொல்

சம்பளத் துண்டின் தலைப்பில் ஒரு சொல்.
சத்திரசிகிச்சைச் சம்மதப் பத்திரத்தில் இன்னொன்று.
இரண்டையும் சமையல் மேசையில்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
முதல் ஐந்து எழுத்தும் ஒன்று.

பதினொரு வருடம் அந்தச் சொல்லுக்குள்தான் எனக்கு வேலை.
பீம்ஸ்வில். கண்ணாடிக் கூரை. உள்ளே இருபத்தாறு பாகை.
வெளியே நயாகரா நெடுஞ்சாலையில்
உப்புத் தூவிப் போகிற லொறிகள்.
தண்டுக்கொரு மூங்கில் குச்சி,
குச்சிக்கு இரண்டு கிளிப்.
வளைய விரும்புகிற பூவிடம்
நிமிர்ந்து நில் என்று சொல்வது என் தொழில்.
நிமிடத்துக்கு நாலு,
காதலர் தினம் நெருங்கினால் ஆறு.

ஓர்க்கிட் என்றால் என்னவென்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.
பெட்டியில் ஒட்டுகிற பெயருக்குப்
பொருள் எதற்கு?

டொக்டர் சின்னப் பெண். நகம் கடிக்கிறவள்.
கடிதாசியின் பின்பக்கம் படம் கீறினாள்:
ஒரு செடி, ஒரு கோடு மண்,
மண்ணுக்குக் கீழே ஒட்டியபடி இரண்டு கிழங்கு.
பழைய கிரேக்கர் பிடுங்கிப் பார்த்தார்களாம்,
பார்த்ததையே பெயராய் வைத்தார்களாம்.
இராசகுலன் யன்னலுக்கு வெளியே
கார்த் தரிப்பிடத்தை எண்ணத் தொடங்கினார்.
அவள் விடவில்லை.
சுருங்கினது இந்த வருடப் பூவுக்குத் தன்னைக் கொடுத்த கிழங்கு,
திரண்டது அடுத்த வருடத்துக்கு.
பிறகு "இடப்பக்கம்" என்று
பேனையால் ஒன்றை வெட்டினாள்.

நாங்கள் மட்டும் என்ன,
விதை என்றுதானே சொல்கிறோம்.
வயலில் தூவுவதையும்
வேட்டிக்குள் ஒளிப்பதையும்
ஒரே சொல்லில் கட்டிவைத்தோம்.
கிரேக்கன் தோண்டிப் பார்த்துச் சிரித்தான்.
தமிழன் சிரிக்காமல்
விதைக்கப் போனான்.

அன்றிரவு வேலையில்
ஒரு சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
கிழங்கு இல்லை.
மரப்பட்டைத் துண்டுகள், நடுவில்
நரைத்த வேர்கள், காற்றைக் குடிக்கிறவை.
மரத்தில் தொற்றி வாழ்கிற சாதியாம் இது.
பெயரில் இருப்பது உடம்பில் இல்லை.
இல்லாமலேதான்
இத்தனை பூ.
ஹென்க் வந்து கேட்டான்: சாடி உடைந்ததா?
இல்லை என்றேன். ஒன்றும் உடையவில்லை.

நாற்பது நிமிடம் என்றார்கள், ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.
மூன்றாம் நாள் வீட்டுக்குப் பூ வந்தது.
வேலையிடத்தில் எல்லாரும் சேர்ந்து அனுப்பியது,
மரிசெல், டெல்ராய், ஹென்க், கையெழுத்துகள்,
கெதியாய்ச் சுகம் வரட்டும்.
வெள்ளை ஓர்க்கிட். தண்டில் ஒன்பது பூ.
ஒருவருக்கும் எதுவும் தெரியாது,
வயிற்றில் ஏதோ என்றுதான் சொல்லியிருந்தேன்.
முதல் கிளிப்பை வழக்கத்தைவிடக் கீழே போடுவது நான் மட்டும்.
என் கைதான் அது.

"வடிவாயிருக்கு. இதுக்கு என்ன பேர்?"
சொன்னேன்.
சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால்
அர்த்தத்தையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பூவையே பார்த்தார்.
பிறகு அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு சிரித்தார்,
"சிரிக்க வைக்காதை, தையல் இழுக்குது" என்று
சிரித்தார், நிறுத்த முடியாமல்,
எந்த இடத்தில் அது சிரிப்பாய் இல்லாமல் போனதென்று
எனக்குத் தெரியவில்லை.
தேத்தண்ணி போடப் போனேன்.
கேத்தில் கொதித்து அடங்கியும்
அங்கேயே நின்றேன்.

பங்குனி முடிய ஒன்பதும் கொட்டிற்று.
இரண்டாம் கணுவுக்கு மேலே வெட்டு,
திரும்பவும் பூக்கும் என்றான் ஹென்க்.
கத்தரிக்கோலோடு வந்தேன்.
"பொறு" என்றார்.

கிளிப்புகளைக் கழற்றினார், ஒன்று, மற்றது.
குச்சியை மெதுவாய் உருவினார்.
தண்டு இன்னும் பச்சைதான்.
கொஞ்சம் ஆடி,
தனக்கு வேண்டிய பக்கம்
சாய்ந்துகொண்டது.